ட்ரஃபிளும் ஒயினும்: எப்போது சேர்ந்த ஜோடி?

ட்ரஃபிள் என்றதும் சாக்லேட் ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை. அந்தச் சாக்லேட் உருண்டைக்குப் பெயர் கொடுத்ததே இந்த ட்ரஃபிள்தான். ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி, மண்ணுக்குள்ளேயே விளையும் ஒரு பூஞ்சை. பார்க்க, கழுவாத உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம்மூர்ப் பாட்டிகள் சொல்வார்கள் இல்லையா, ட்ரஃபிளைப் பற்றி அதே நம்பிக்கை கிரேக்கர்களுக்கும் இருந்தது. புளூட்டார்க் அதை ஒரு விருந்து விவாதமாகவே எழுதி வைத்திருக்கிறார்.

இதற்கு எந்த ஒயின் பொருத்தம் என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் பட்டென்று சொல்வது: ஒரே மண்ணில் விளைந்ததைச் சேர்த்துச் சாப்பிடு. வடமேற்கு இத்தாலியின் ஆல்பா வெள்ளை ட்ரஃபிளுக்குப் பக்கத்து மலைச்சரிவின் பரோலோ. தென்மேற்கு பிரான்சின் கறுப்பு ட்ரஃபிளுக்குக் காஓர் ஒயின். ஏதோ ரோமாபுரி காலத்திலிருந்து இரண்டும் குடித்தனம் நடத்துவது போலப் பேசுவார்கள். கொஞ்சம் வரலாற்றைப் புரட்டினால் கதை வேறு.

பிரான்சில் இந்த இரண்டும் நிலத்துக்கு அடித்துக்கொண்ட பங்காளிகள் என்றே சொல்லலாம். 19ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ப்ரோவான்ஸில் ஜோசப் தாலோன் என்ற விவசாயி ஒன்றைக் கவனித்தார். ட்ரஃபிள் கிடைக்கும் ஓக் மரத்தடியில் பொறுக்கிய கொட்டைகளை நட்டால், சில வருடங்களில் அந்தக் கன்றுகளின் அடியிலும் ட்ரஃபிள் வருகிறது! ஆனாலும் நல்ல திராட்சைத் தோட்டத்தை அழித்து ஓக் நட யாருக்கு மனசு வரும்? 1860களில் அமெரிக்காவிலிருந்து ஃபிலாக்சரா என்ற பேன் போன்ற பூச்சி வந்து சேர்ந்தது. வேரிலே சாறு உறிஞ்சி, மாவட்டம் மாவட்டமாகக் கொடிகளைக் கொன்றது. பட்டுப்போன தோட்டங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பல இடங்களில் ஓக் நட்டார்கள். சுண்ணாம்பு மண் ட்ரஃபிளுக்கு அமிர்தம். அந்த நூற்றாண்டின் முடிவில் பிரான்சின் விளைச்சல் ஆண்டுக்கு 1000 டன் வரை போனதாகக் கணக்கு சொல்கிறார்கள். இப்போது 100 டன்னைத் தொடுவதே அபூர்வம்.

ஏன் சரிந்தது? 1914ல் தொடங்கிய யுத்தம் கிராமத்து ஆண்களை விழுங்கியது. மிச்சமிருந்தவர்களில் பலர் பட்டணம் போனார்கள். கவனிப்பாரில்லாத தோப்புகள் அடர்ந்து காடாயின. வெயில் படாத மண்ணில் கறுப்பு ட்ரஃபிள் வராது. ஊரை விட்டு வந்த நமக்கு இந்தப் பகுதி புரிய அகராதி வேண்டாம்.

காஓர் கதையும் சோகம்தான். ஃபிலாக்சராவில் படுத்து, மெல்ல எழுந்தபோது, 1956 பிப்ரவரிப் பனி மறுபடி கொடிகளைக் கொன்றது. அதன் பெயருக்கு அரசு அங்கீகாரம் 1971ல்தான் கிடைத்தது.

இத்தாலிப் பக்கம் போனால், பரோலோ 19ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் இனிப்புத் தட்டும் ஒயின். இன்றைய துவர்ப்பான பரோலோ அதற்குப் பிறகு வந்தது. ஆல்பா ட்ரஃபிளின் உலகப் புகழோ, ஜாகமோ மோரா என்ற ஓட்டல்காரரின் கைங்கர்யம். 1920களின் கடைசியில் ட்ரஃபிள் சந்தையைப் பெரிதாக்கியவர், பிறகு பிரபலங்களுக்கு வருஷா வருஷம் பரிசாக அனுப்பினார். 1951ல் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குப் போனது இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்று! விளம்பரம் என்றால் இது.

அதற்காக ஜோடி பொய் என்று சொல்லவில்லை. ட்ரஃபிளின் வாசம் கந்தகச் சேர்மங்களால் ஆனது. கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் பறந்துவிடும். அதனால்தான் ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிளைச் சமைக்காமல், தயாரின் என்ற மஞ்சள்கரு நூடுல்ஸை வெண்ணெயில் புரட்டி, அதன் மேல் சீவிப் போடுகிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் கிடந்த பரோலோவில் காய்ந்த ரோஜா, ஈர இலை, தார் வாசம் வரும். தட்டில் இருக்கும் மண் வாசத்தோடு அது ஒட்டிப்போகிறது. இளசான பரோலோ கூடாது. வாழைக்காயைப் பச்சையாகக் கடித்த துவர்ப்பு, ட்ரஃிபளை அமுக்கிவிடும். முட்டை ஆம்லெட் என்றால் என் ஓட்டு வயதான வெள்ளை ஒயினுக்கே.

நம்மூர் மால்களில் விற்கும் ட்ரஃபிள் ஆயில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை. அந்த எண்ணெய்களில் பெரும்பாலானவற்றின் வாசம் ஆய்வுக்கூடத்தில் செய்தது. அதற்கு எலுமிச்சை சோடாவே போதும்.