வீசம் ஏக்கர் நிலம்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா நாட்டை வாட்டிய கொடிய நோய்களுள் பெரிபெரியும் ஒன்று. கால் வீங்கி, நடை தளர்ந்து, முடிவில் நெஞ்சு செயலற்று மாண்டோர் மிகப் பலர். நோயின் காரணம் யாதென மருத்துவ உலகம் தேடிக்கொண்டிருந்த அந்நாளில், நெகிரி செம்பிலான் மாநிலத்தின் அரசாங்க மருத்துவராகச் சிரம்பானில் பணியாற்றிய பிராடன் என்பார் ஒன்றைக் கூர்ந்து நோக்கினார். தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர் நோய்க்கு இரையாயினர். அதே மாநிலத்தில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

பிராடன் 1907ஆம் ஆண்டில் தம் கருத்தை நூலாக வெளியிட்டார். அரிசியில் தோன்றும் நஞ்சே நோயின் காரணம் என்று அவர் எண்ணியது பிழையாயிற்று. எனினும், அரிசியிலேயே விடை இருக்கிறது என்றது சரியாயிற்று. அதே ஆண்டில் பிரேசர், ஸ்டான்டன் என்னும் ஆய்வாளர் இருவர், இம்மாநிலத்தின் ஜெலுபுப் பகுதியில் வேலை செய்த சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்து ஆராய்ந்தனர். வெள்ளை அரிசி உண்டவரிடையேதான் நோய் கண்டது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது என்னும் உண்மை பின்னர் விளங்கிற்று.

அடுப்படியில் தமிழ்ப் பெண்கள் அறிந்து செய்ததை ஆய்வுக்கூடம் பிற்பாடு எழுதி வைத்தது என்பதே இச்செய்தியின் உட்பொருள். தோட்டப்புறத்து மக்களின் கொல்லைப் பயிர் வரலாற்றிலும் இதே முறையைக் காணலாம்.

சட்டம் தந்த நிலம்

‘தோட்டம்’ என்னும் சொல் மலேசியத் தமிழரிடையே பால்மரக் காட்டைக் குறிப்பது. வீட்டுக்குப் பின்னால் கீரை விளைவது கொல்லை. தோட்டம் துரையுடையது, கொல்லை தொழிலாளியுடையது. ஆயினும், கொல்லையின் மண்ணும் சட்டப்படி தோட்ட உரிமையாளருக்கே உரியது என்பதை மறத்தலாகாது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்கவேண்டும் என வகுத்தது. பழந்தமிழ்க் கணக்கில் இது வீசம். இன்றைய அளவில் ஏறத்தாழ 2,700 சதுர அடி. குறிப்பிட்ட அளவில் பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றதும் அதே சட்டமே. ஆகவே, தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியும் கீரைப்பாத்தியும் ஒரே சட்டத்தின் நிழலில் வளர்ந்தவை எனலாம்.

அவ்வீச நிலத்தில் விளைந்தவை யாவை? முருங்கையும் கறிவேப்பிலையும் வேலியோரம் நின்றன. பந்தலில் அவரை, பாகல், பீர்க்கு, புடல் படர்ந்தன. பாத்தியில் தண்டுக்கீரை, புளிச்சக்கீரை, வெண்டை, கத்தரி. கழிநீர் பாயுமிடத்தில் வாழை. இவற்றிற்கு இட்ட உரம் மூன்று: மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், கூட்டிக் குவித்த இலைக்குப்பை. இந்நாட்டுச் செம்மண் புளிப்புத் தன்மை மிக்கது. பெருமழையில் சத்தும் எளிதில் கரைந்தோடும். சாம்பல் அப்புளிப்பைத் தணிப்பது. சாணமும் இலைமக்கும் நீரையும் சத்தையும் பிடித்து வைப்பவை. இவ்வேதியியலின் பெயர் தெரியாதிருந்தும், விளைவை அறிந்தவர்கள் அம்மக்கள்.

வெறுமண்ணும் மூடிய மண்ணும்

காலையில் துரையின் மண்ணில் அவர்கள் செய்த வேலையோ இதற்கு நேர்மாறானது. தொடக்ககாலத் தோட்ட முதலாளிமார், பால்மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இருத்தலாகாது எனக் கட்டளையிட்டனர். ஆணும் பெண்ணும் நிரை நிரையாக நின்று புல் வெட்டினர். நிலம் துடைத்த தரைபோல் விளங்கிற்று. மழை வந்தபோது மேல்மண் ஆற்றோடு போயிற்று. சரிவுகளில் வண்டல் குழிகள் வெட்டியும் இழப்பு முற்றும் நிற்கவில்லை.

இதற்கு முன்னும் இம்மாநிலம் அத்தகைய பாடத்தைக் கண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காவிலிருந்து தம்பின், ரெம்பாவ் பகுதிகளுக்குப் பரவிய மரவள்ளிப் பயிர், காட்டை அழித்து, சில பருவம் விளைந்து, மண் சோர்ந்தவுடன் அடுத்த காட்டைத் தேடிச் சென்றது. அது விட்டுப்போன இடத்தில் லாலான் புல்லே மண்டியது.

1925ஆம் ஆண்டில் சட்டத்தால் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் வேளாண்மைத் துறையினரும் படிப்படியாக வேறு வழி காட்டினர். சென்ட்ரோசீமா, பியூராரியா, கலப்பகோனியம் முதலிய அவரையினக் கொடிகளை மரங்களுக்கிடையே படரவிட்டால், அவை மண்ணை மூடிக் காப்பதோடு, வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தையும் நிலத்திற்குச் சேர்க்கும் என்றனர். மண்ணை வெயிலுக்கும் மழைக்கும் திறந்து வைக்காதே என்பதே அவ்வறிவுரையின் சாரம். வீச நிலத்தில் அவரையும் சுரையும் பரப்பி வைத்திருந்தோருக்கு அது புதுமையன்று.

உழவரிடம் பயின்ற அறிஞர்

இவ்வுண்மையை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட மேனாட்டறிஞர் ஆல்பர்ட் ஹோவார்டு ஆவார். 1905ஆம் ஆண்டில் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த அவர், சுற்றுப்புற உழவரின் வயல்கள் நஞ்சு மருந்தின்றியே நலமாக விளைவதைக் கண்டு வியந்தார். அவ்வுழவரையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் தம் ஆசிரியர்களாகவே அவர் மதித்தார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது, செடிகொடிக் கழிவு, சாணம், சாம்பல் கலந்த மண் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, நீர் தெளித்து, காற்றுப்படப் புரட்டி, மூன்று திங்களில் மக்குரமாக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். உலகம் இதனை இந்தூர் முறை என அழைக்கிறது. 1940ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல், இயற்கை வேளாண்மையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

ஆனால், ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். மக்கள் அறிவு மட்டும் போதும், நூலறிவு வேண்டா என்பதன்று இதன் பொருள். குப்பையைக் குவித்து வைத்தல் பழக்கம். எந்த நாளில் புரட்டவேண்டும், எவ்வளவு ஈரம் வேண்டும் என்று அளந்து சொல்லுதல் ஆராய்ச்சி. 1931ஆம் ஆண்டில் செர்டாங்கில் வேளாண்மைப் பள்ளி திறக்கப்பட்டது. அது கல்லூரியாகி, 1971ஆம் ஆண்டில் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது. சிரம்பானிலிருந்து தொலைவில்லாத அவ்விடத்தில் பயிற்சி பெற்ற வல்லுநரும், லயத்துக் கொல்லையில் முதிர்ந்த பாட்டியரும் ஒருவரிடமொருவர் கற்றிருப்பின், இரு திறத்தாரும் பயன் பெற்றிருப்பர்.

போர்க்காலத் தேர்வு

மண்ணறிவின் மதிப்பைக் காட்டிய கடுந்தேர்வு ஜப்பானியர் ஆட்சிக்காலம். அரிசி அருகிப்போன 1943ஆம் ஆண்டின் இறுதியில், சிங்கப்பூரிலிருந்து யுரேசியரும் சீனருமாகிய கத்தோலிக்க மக்கள் இம்மாநிலத்தின் பகாவ் காட்டுப்பகுதிக்குக் குடியேறத் தொடங்கினர். நாளடைவில் ஏறத்தாழ 3,000 பேர் அங்குச் சேர்ந்தனர். ஆயர் தேவால்ஸ் அவர்களோடு தாமும் சென்று தங்கினார். குடியேறியோரில் மிகப் பலர் நகரத்தார், மண்வெட்டி பிடித்தறியாதவர். நிலமோ வளம் குன்றியது. காடோ மலேரியாவின் உறைவிடம். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1945 ஜனவரியில் ஆயரும் உயிர் நீத்தார். கற்றவரும் நல்லவரும் உறுதியுள்ளவரும் கூடியிருந்தும், மண்ணையும் காட்டையும் அறிந்த வழிகாட்டியின்றிப் பயிர்த்தொழில் கைகூடவில்லை.

அக்காலத்தில் தோட்டத் தமிழரும் இன்புற்றிருந்தாரல்லர். சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மீளாதோர் எண்ணற்றோர். எஞ்சியோருக்குச் சோறு தந்தது மரவள்ளி. அதில் இல்லாத சத்தை ஓரளவேனும் ஈடு செய்தது கொல்லைக்கீரை. பட்டினிக்கும் சாவுக்கும் இடையே வேலியாய் நின்றது வீச நிலம்.

பெண்களின் கையில்

இக்கொல்லைகளைப் பேணியவர் பெரும்பாலும் பெண்களே. விடியலில் பால்வெட்டு, மாலையில் பாத்தி. பக்கத்து மலாய்க் கம்பத்துப் பெண்களிடமிருந்து செராயும் பண்டானும் இவர்கள் கொல்லைக்கு வந்தன. ஆயினும், இரு திறத்தாருக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. நெகிரி செம்பிலானின் பெர்ப்பாத்தே வழக்கப்படி, மலாய்க் குடும்பத்தின் மரபுநிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது. 1909ஆம் ஆண்டின் சட்டம் அதற்குப் பதிவும் காவலும் தந்தது. தமிழ்ப் பெண் தன் மகளுக்குக் கொடுக்கக்கூடியது விதை முடிச்சொன்றே.

மற்றொரு தீங்கும் அவர்களைச் சூழ்ந்தது. புல்வெட்டும் கைகளுக்கு மாற்றாக வந்த சோடியம் ஆர்சனைட் கொடிய நஞ்சு. அதன்பின் 1960களில் வந்த பாராகுவாட்டும் நஞ்சே. அதைத் தோளில் சுமந்து தெளித்தவர்களுள் மிகப் பலர் பெண்கள். மலேசிய அரசு 2002ஆம் ஆண்டில் பாராகுவாட்டைத் தடை செய்ய முடிவெடுத்து, 2006ஆம் ஆண்டில் தளர்த்தி, இறுதியில் 2020 ஜனவரி முதல் முற்றாக விலக்கியது. பகலில் நஞ்சு தெளித்துவிட்டு மாலையில் தன் கீரைக்குச் சாம்பல் தூவிய பெண்ணைக் காட்டிலும், இயற்கை உரத்தின் அருமையை எடுத்துரைக்கத் தகுதியுடையோர் யார்?

காவல் எங்கே?

ரப்பர் செம்பனைக்கு இடம் விட்டது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்தை விட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சென்ற குடும்பம் சட்டி பானையைக் கொண்டுசென்றது. முருங்கையைக் கொண்டுசெல்ல இயலவில்லை. வீடு மாறியதை எல்லாரும் எழுதினர். வீச நிலம் மறைந்ததை எழுதினார் சிலரே. அந்நிலத்தோடு, பிள்ளைகள் தாயின் அருகில் குந்தியிருந்து கற்ற ஒரு பள்ளிக்கூடமும் மூடப்பட்டது.

அப்பள்ளிக்கூடத்தின் ஆசிரியர்கள் இன்னும் சிலர் உயிரோடிருக்கின்றனர். தமிழ்ப்பள்ளி வளாகத்தில் ஒரு பாத்தி அமைத்து, அவர்களை அழைத்து வந்து பிள்ளைகள் முன் நிறுத்தலாம். அவர்கள் கூறும் விதைக்காலம், பூச்சி விரட்டும் முறை, கீரைப்பெயர்கள் ஆகியவற்றை மாணவர் எழுதிக்கொள்ளலாம். வேளாண்மைத் துறை அலுவலர் ஒருவரும் உடனிருந்து, பாட்டி சொல்வதன் காரணத்தை விளக்கினால் பாடம் முழுமையுறும். மாடிவீட்டுத் தொட்டியிலும் கீரை வளரும்; வளர்க்கும் கைக்குப் பழக்கம் வேண்டும்.

உழுவதைவிட எருவிடுவது மேல், நீர் பாய்ச்சுவதைவிடக் காத்தல் மேல் என்று வள்ளுவர் தரம் பிரித்தார். தோட்டத் தமிழர் உழுதனர், எருவிட்டனர், நீரும் பாய்ச்சினர். காவல் மட்டும் அவர்கள் கையில் இருந்ததில்லை, நிலம் பிறருடையதாதலின். நிலத்தைக் காக்க இயலாமற்போயினும், நிலத்தைப் பற்றிய அறிவையேனும் காத்தல் ஆசிரியர் கையில் உள்ளது.