முப்பதுக்கு நாற்பது

கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் காலை. கேட்டில் கட்டிய வாழைமரம் இன்னும் வாடவில்லை. அப்பா வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். மொட்டை மாடிக்கும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. பாவு எங்கடா நீட்டறது?"

என்னிடம் பதில் இல்லை. தறிக்கு என்று தனி அறை ஒதுக்கியிருந்தேன், அதில் எனக்கு ரொம்பப் பெருமை வேறு. டைல்ஸ் போட்டு, ஃபேன் மாட்டி, இரண்டு ஜன்னல் வைத்த அறை. குழித்தறிக்குக் குழி வேண்டும் என்பது டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்க வேண்டும். மண்ணின் ஈரம் பாவு இழை காய்ந்து அறுந்துவிடாமல் காக்கும். தறிச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவன் நான். வீட்டு பிளானை எட்டு முறை திருத்தினேன். எந்தத் திருத்தத்திலும் குழி வரவில்லை.

குழியையாவது டைல்ஸை உடைத்துத் தோண்டலாம். பாவுக்கு என்ன செய்வது? மூன்று பட்டுச் சேலைக்கான பாவு ஏறக்குறைய 60 அடி நீளம். தறியில் ஏற்றுவதற்கு முன் அதை முழுசாக நீட்டிக் கட்டி, இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, கஞ்சி தெளித்து, காய்ந்த பிறகு சுருட்ட வேண்டும். எங்கள் மனை 30-க்கு 40. பொறியியல் படித்தவனுக்குக் கைவசம் இருப்பது பிதாகரஸ்தான், போட்டுப் பார்த்தேன். மூலைக்கு மூலை சரியாக 50 அடி. சுவர், படி, கழிப்பறை எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டம் ஆக்கினால்கூட 10 அடி குறைகிறது.

மனை வாங்கும்போது கையில் கொடுத்த வழவழப்பான தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு 10 நிமிடம், மருத்துவமனை அருகில், பள்ளி அருகில், நடைப்பயிற்சிக்கு ஏரிக்கரை, ரயில் நிலையம் அருகில். கடைசியைப் படித்ததும் ஆரணிக்காரன் எவனும் சிரிப்பான். 'ஆரணி ரோடு' ஸ்டேஷன் இருப்பது ஊருக்கு வெளியே களம்பூரில். பெயரில் மட்டும்தான் ஆரணிக்கு ரயில் வந்தது. மற்றதெல்லாம் உண்மை. ஏரிக்கரையில் காற்று நிஜமாகவே நன்றாக இருக்கிறது. இருந்தும் 60 அடி கிடைக்கவில்லை. பழைய தெருவில் அந்த 60 அடியை யார் கொடுத்தார்கள், எப்போது நம் கையை விட்டுப் போனது என்று தேட ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அப்படி வந்தது.

ஆரணி வரலாறு என்று தேடினால் முதலில் கிடைப்பவை சண்டைகள். 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இங்கே ஒரு போரில் வென்றார். 1782 ஜூனில் ஐதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் இங்கே மோதல் நடந்தது. எல்லாம் கோட்டையைச் சுற்றிய கதைகள். நான் தேடியது கோட்டைக்கு வெளியே இருப்பவர்களை. அவர்கள் ஊர்ப் பெயர்களில் இருக்கிறார்கள்: கொசப்பாளையம், ஆரணிப்பாளையம், சைதாப்பேட்டை. பாளையம் என்றால் படை தங்கிய இடம். பேட்டை என்றால் கோட்டை மதிலுக்கு வெளியே சந்தையும் தொழிலும் சேர்ந்து வளர்ந்த குடியிருப்பு. அதாவது நாம் இன்று 'அவுட்டர்' என்று சொல்லும் இடம்தான். எங்கள் பழைய தெருவும் ஒரு காலத்தில் புறநகர்.

இந்தப் புறநகர்களுக்கு ஆள் பிடிப்பது எளிதான வேலையாக இருக்கவில்லை. நெசவாளர் நிலத்தோடு கட்டுண்ட குடி இல்லை. தறியைக் கழற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட முடியும். பஞ்சம், படையெடுப்பு, வரி என்று ஏதாவது வந்தால் போய்விடவும் செய்தார்கள். ஆகவே ஆள்பவர்கள் அவர்களை அழைத்து வந்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. சோழர் கல்வெட்டுகளில் 'தறி இறை' என்று தறிக்கு வரி வருகிறது. விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகளில் அதே வரியைக் குறைத்துக் கொடுத்ததும், கோயிலைச் சுற்றிய திருமடைவிளாகங்களில் கைக்கோளர்களைக் குடியேற்றியதும், தண்டு, சங்கு உரிமைகளை அவர்களுக்குக் கொடுத்ததும் வருகின்றன. பல்லக்கில் போகலாம், முன்னால் சங்கு ஊதலாம். இன்றைய மனைப் பத்திரிகையின் மொழியில் சொன்னால், அன்றைய 'வசதிகள் அருகில்' இவைதான்.

இதற்கு நல்ல சான்று சென்னையில் இருக்கிறது. 1734-இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி துணிக்காக ஒரு புதிய குடியிருப்பை அமைத்தது. சுங்குராமன் என்ற வணிகரிடம் இருந்த மரங்கள் அடர்ந்த பெரிய தோட்டத்தை எடுத்து, நெசவாளர், நூற்பவர், வண்ணம் தீட்டுபவர், வெளுப்பவர் ஆகியோரை அங்கே குடியமர்த்தினார்கள். அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்ற பெயர்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். கம்பெனிக்கு நெசவாளர்மேல் பாசம் எதுவும் இல்லை, வேண்டியது கப்பலில் ஏற்றத் துணி. ஆனால் துணி வேண்டுமென்றால் தறி வேண்டும், தறி வேண்டுமென்றால் பாவு நீட்ட இடமும் நிழலும் வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எட்டு முறை பிளான் திருத்திய எனக்குத் தெரியவில்லை.

ஆரணியின் பேட்டைகளும் இந்தக் கணக்கில்தான் ஓடின. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குறிப்புகளில் ஆரணியின் பெயர் மெல்லிய பருத்தி மஸ்லினோடு சேர்ந்து வருகிறது. பிறகு ஊர் பட்டுக்கு மாறியது, இன்று ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பருத்தி போய்ப் பட்டு வந்தாலும் தெரு மாறவில்லை, ஏனென்றால் தெருவும் தறியின் ஒரு பாகம். எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டியிருந்தால் சைக்கிளில் வருகிறவர் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். பால்காரர் சுற்றிக்கொண்டு வருவார். இழை அறுந்திருந்தால் எதிர்வீட்டு அத்தை போகிற போக்கில் முடிந்துவிட்டுப் போவார். இன்று உன் பாவு, நாளை என் பாவு. தெருவின் அகலம் 15 அடிகூட இருக்காது. நீளம் மட்டும் எல்லோருக்கும் சொந்தம்.

வேலையில்லாத புறநகர் ஒன்றும் ஆரணிக்கு முன்பே வந்திருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஷாஜியின் கீழ் பணிபுரிந்த வேதாஜி பாஸ்கர பந்த் ஆரணியை ஜாகிராகப் பெற்றார். அவர் வழிவந்த ஜாகிர்தார்கள் மாத்வ மரபினர். உத்தராதி மடத்தின் சத்தியவிஜய தீர்த்தர் பிருந்தாவனம் அமைந்த இடம், அவர் பெயராலேயே சத்தியவிஜயநகரம் ஆனது. நாம் எஸ்.வி. நகரம் என்கிறோம். அங்கே பிற்காலத்தில் ஜாகிர்தார்களின் பெரிய அரண்மனை எழுந்தது. அதுவும் போதாதென்று பூசிமலைக்குப்பம் காட்டுக்குள் இன்னொரு மாளிகை. கண்ணாடி மாளிகை என்று ஊரில் சொல்வோம். அதைப் பற்றி வெள்ளைக்கார மனைவி, காதல், சோகம் என்று ஆளுக்கொரு கதை உண்டு. கதை எப்படியோ, மாளிகையின் நோக்கம் தெளிவு: ஊர்ச் சத்தத்திலிருந்து விலகி, மரங்களுக்கு நடுவே, நடந்து திரிந்து ஓய்வாக இருப்பது. என் மனைத்தாளில் போட்டிருந்ததும் இதே ஆசைதான். ஜாகிர்தாருக்கு அது கட்டுப்படியானது. பாடுபட ஊரில் வேறு ஆட்கள் இருந்தார்கள். 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் காலம் முடிந்தது. இரண்டு மாளிகைகளும் இன்று பாழடைந்து நிற்கின்றன. காலேஜ் படிக்கும்போது நாங்கள் பைக்கில் போய் போட்டோ எடுத்துக்கொண்ட இடங்கள் அவை.

ஜாகிர்தாரின் அந்த ஆசை மாதச் சம்பளக்காரன் வரைக்கும் இறங்கி வந்த கதையில் இங்கிலாந்துக்கும் பங்கு உண்டு. 1898-இல் எபனேசர் ஹோவர்ட் தோட்ட நகரம் பற்றிப் புத்தகம் எழுதினார். அவருடைய வரைபடத்தில் வீடும் பூங்காவும் மட்டும் இல்லை. தொழிற்சாலையும் வயலும் அதே ஊருக்குள் இருக்கும், வேலைக்கு நடந்தே போகலாம். அந்த யோசனை கப்பலேறி உலகம் சுற்றியபோது பல இடங்களில் பூங்கா தங்கியது, தொழிற்சாலை உதிர்ந்துவிட்டது. சென்னைக்கு 1915-இல் பேட்ரிக் கெடிஸ் தன் நகரக் கண்காட்சியோடு வந்தார். முதலில் அனுப்பிய காட்சிப் பொருள்கள் கப்பலோடு கடலில் போயின. மூழ்கடித்தது சென்னைமேல் குண்டு வீசிய அதே எம்டன். பொருள்களை மறுபடி திரட்டி நடத்தினார்கள். ஊரை இடிக்காதே, முதலில் நடந்து பார், அங்கே வாழ்கிறவர்கள் எதற்காக அப்படிக் கட்டிக்கொண்டார்கள் என்று புரிந்துகொள் என்பதுதான் கெடிஸ் திரும்பத் திரும்பச் சொன்னதன் சாரம்.

1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து ஒரு புதிய குடியிருப்பை அமைத்தார்கள். நடுவில் பனகல் பூங்கா, அதைச் சுற்றி அகலமான சாலைகள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியின் பெயரில் அது தியாகராய நகர் ஆனது. செட்டியார் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், நெசவாலை நடத்தியவர். அவர் பெயர் கொண்ட நகரில் தறிக்கு இடம் வைக்கவில்லை. 1928-இல் நல்லி சின்னசாமி செட்டி அங்கே கடை திறந்தார். பட்டு அந்த நகருக்குள் விற்பனைச் சரக்காகத்தான் நுழைந்தது. அப்பா கையால் நெய்த சேலையும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏதோ ஒரு கடைக்குப் போயிருக்கும். எந்தப் பெயரில் விற்றிருப்பார்கள் என்று கேட்டால் சிரிப்பார்.

அந்த மாதிரிதான் பிறகு சிறு ஊர்களுக்கும் இறங்கியது. 1971-இன் நகர் ஊரமைப்புச் சட்டம், டி.டி.சி.பி. அப்ரூவல், மனைப்பிரிவு. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் எங்கள் ஊரில் பலருக்கு 'அப்ரூவ்டு' என்ற சொல்லே பழகியது. 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. இந்தச் சட்டங்களை நான் குறை சொல்ல மாட்டேன். சாலையும் வடிகாலும் இல்லாமல் நெல்வயலில் கல் நட்டு விற்றவர்களிடம் ஏமாந்த சொந்தக்காரர்கள் எனக்கும் உண்டு. பெரிய மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும் என்ற விதி நல்ல விதி. ஆனால் அந்த விதிகளின் மனதில் இருக்கும் குடும்பம் காலையில் வேலைக்கு வெளியே போய் மாலையில் திரும்புகிற குடும்பம். என்னைப் போல. வீட்டுக்குள் தறியும் வாசலில் பாவும் இருக்கிற குடும்பம் அந்த வரைபடத்தில் எந்தக் கட்டத்திலும் வராது.

தெருவிலேயே நீட்டலாமே என்று நான் கேட்டேன். எங்கள் நகரில் 30 அடி சாலை, பழைய தெருவைப் போல இரண்டு மடங்கு. அப்பா ஒருநாள் முயன்றும் பார்த்தார். 10 நிமிடத்துக்குள் ஒரு கார் ஹாரன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், வெளியூர்க்காரர். "என்ன சார் இது, துணி காயப்போடறீங்களா?" என்று உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். சாலை அகலமாகத்தான் இருந்தது. பாவைப் பார்த்ததும் சைக்கிளிலிருந்து இறங்குகிற ஆட்கள்தான் அங்கே இல்லை.

இப்போது அப்பா பழைய தெருவில் ஒரு பங்காளி வீட்டில் தறி போட்டிருக்கிறார். காலை ஆறரைக்கு டிபன் கேரியரோடு கிளம்பி ஏரிக்கரை வழியாக நடந்து போகிறார், இருட்டுவதற்குள் திரும்புகிறார். அதே கரையில் சர்க்கரைக்காகவும் பிரஷருக்காகவும் கைவீசி நடக்கிறவர்கள் அவருக்கு வணக்கம் சொல்கிறார்கள். "அய்யா டெய்லி கரெக்டா வாக்கிங் வராருப்பா" என்று ஒருவர் என்னிடம் பாராட்டினார். எங்கள் வம்சத்தில் வேலைக்காக வீட்டை விட்டுக் கிளம்பிய முதல் ஆள் நான் என்று நினைத்திருந்தேன். இப்போது அறுபத்தெட்டு வயதில் அப்பாவும் கிளம்பிவிட்டார். வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று என் கம்பெனி அனுமதித்த வருடங்களில், தறியறையில் மேசை போட்டு லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தவன் நான்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோது மாலையில் அவர் என்னை நகரின் கோடிக்கு அழைத்துப் போனார். பூங்காவுக்கு என்று விட்ட திறந்தவெளி அது. பெயர்ப்பலகை இருக்கிறது, பூங்கா இன்னும் வரவில்லை. சீமைக் கருவேல முள் மண்டிக் கிடக்கிறது. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வேலி ஓரமாக ஒரு பாதத்துக்கு முன் இன்னொரு பாதம் வைத்து எண்ணிக்கொண்டே நடந்தார். அந்தக் கோடியிலிருந்து திரும்பி நின்று கத்தினார்.

"எழுபத்திரண்டு வருதுடா. முள்ள வெட்டணும்."