கோதுமையும் கைகால் வலியும்

நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றாகிய கட்சாலில் தமிழர் குடியேறிய வரலாறு நேயர்களில் பலர் அறியாததாக இருக்கலாம். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை விட்டுத் தாயகம் திரும்பிய குடும்பங்களில் சில, பின்னர் அத்தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தேங்காயும் தாழம்பழமும் கிழங்கும் மீனும் உண்டு வாழ்ந்த நிக்கோபாரியரின் பழைய உணவில் கோதுமைக்கு இடமே இல்லை. வந்து சேர்ந்த நம்மவரோ, தோட்டத்து லயங்களில் சோற்றோடு கோதுமைமாவு ரொட்டியும் உண்டு பழகியவர்கள்.

ஊர் மாறினால் தானியமும் மாறுகிறது. தில்லியிலும் லூதியானாவிலும் வாழும் நேயர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சோறு ஒரு வேளையாகச் சுருங்கி, சப்பாத்தி இரு வேளையாகப் பெருகிய வீடுகள் எத்தனையோ! பெரும்பாலோருக்கு இதனால் ஒரு தீங்கும் இல்லை. கோதுமை நல்ல உணவே. ஆயினும் மிகச் சிலருடைய உடல் அதனோடு இணங்குவதில்லை. அந்தப் பிணக்கு வயிற்றில் தெரியாமல், தொடையிலும் இடுப்பிலும் தீராத சதைநோவாகத் தெரிவதும் உண்டு. வாதம் என்றும், வேலைக் களைப்பு என்றும், வயது என்றும் பெயரிட்டு ஆண்டுக்கணக்கில் தைலம் தேய்த்துக் கொண்டிருப்பார்கள்.

இந்நோய்க்குச் சீலியாக் நோய் என்று பெயர். வயிறு என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது அது. ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அரிட்டேயஸ் என்னும் கிரேக்க வைத்தியர், உண்டது செரியாமல் கழிந்து உடல் மெலியும் இத்தகைய நோயாளரைப் பற்றி எழுதி வைத்தார். 1887-இல் லண்டன் குழந்தை மருத்துவமனையில் சாமுவேல் ஜீ என்னும் மருத்துவர் இதைப் பற்றி விரிவாகச் சொற்பொழிவாற்றினார். நோய் தீருமானால் அது உணவு மாற்றத்தாலேயே தீரும் என்று அவர் கண்டது பெரிய உண்மை. ஆனால் எந்த உணவை விலக்கினார் தெரியுமா? அரிசியை! மெல்லியதாக அரிந்து இருபுறமும் வாட்டிய ரொட்டியை அனுமதித்தார். அவரிடம் வந்த ஒரு குழந்தை நாள்தோறும் டச்சு நாட்டுச் சிப்பிக்கறி உண்டு தேறியது. சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நலிந்தது. விடை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் அவருக்குத் தென்படவில்லை. சோறுண்ணும் நமக்கு இது சற்று நகைப்பைத் தரலாம்.

உண்மை வெளிப்பட்டது ஒரு பஞ்சத்தின் நடுவிலே. ஹாலந்து நாட்டுத் தி ஹேக் நகரின் குழந்தை மருத்துவமனையில் பணியாற்றிய வில்லெம் டிக்கே, ரொட்டியின் மீது போருக்கு முன்பே ஐயம் கொண்டிருந்தார். 1944–45 குளிர்காலத்தில் அந்நாட்டு மக்கள் ரொட்டியின்றித் துலிப் மலர்க் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தனர். ஊரெல்லாம் வாடிய அவ்வேளையில் இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறின! போர் முடிந்து ரொட்டி திரும்பியபோது நோயும் திரும்பியது. டிக்கே அத்துடன் நிற்கவில்லை. தானியங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தும் நிறுத்தியும் பார்த்து, மலத்தில் கழியும் கொழுப்பை அளந்து, 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி நூல் அளித்தார். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் பசைப்பொருளே காரணம் என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியாயிற்று. பிசைந்த மாவை நீரில் அலசினால் மாச்சத்து கரைந்து போக, ரப்பர்போல் இழுபடும் ஒரு பொருள் கையில் எஞ்சும். அதுவே குளூட்டன்.

இந்தப் பசைப்பொருளைக் கண்டதும் சிலருடைய உடற்காப்பு ஆற்றல் தவறாகச் சினந்து, சிறுகுடலின் உட்சுவரிலுள்ள நுண்விரல்களைத் தேய்த்துத் தட்டையாக்கிவிடுகிறது. உணவின் சாரத்தை உறிஞ்சுபவை அவையே. கொழுப்போடு சேரும் டி வைட்டமினும், சுண்ணாம்புச் சத்தும், இரும்பும் உடலில் சேராமல் போகின்றன. எலும்பு மென்மையாகிறது. இடுப்பைச் சுற்றிய தசைகளும் தொடைத்தசைகளும் வலுவிழந்து நோகின்றன. குந்தியவர் கையூன்றாமல் எழ முடிவதில்லை. படியேறக் கால் மறுக்கிறது. இரத்தசோகையும் சேர்ந்தால் களைப்பு இரட்டிக்கும். வயிற்றுப்போக்கு சிறிதும் இல்லாமலே இவ்வளவும் நேரக்கூடும் என்பதனால்தான் நோய் ஒளிந்திருக்கிறது.

வட இந்தியக் குழந்தைகளிடையே இந்நோய் இருப்பதை நம் மருத்துவர்கள் 1966-இல் எழுதி வெளியிட்டார்கள். தென்னாட்டில் இது அரிது என்பதே நெடுநாள் எண்ணம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, நாட்டின் மூன்று பகுதிகளில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தது. நோய் வடக்கே ஆயிரத்துக்கு எட்டு ஒன்பது பேரிடம் காணப்பட்டது. தெற்கே பதினாயிரத்துக்கு ஒருவர் அளவே. ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் மரபுக்கூறு இரு பகுதியினரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு இருந்தது. வேறுபாடு தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம். மரபுக்கூறு உள்ளவர்களிலும் மிகச் சிலருக்கே நோய் வரும் என்பதை மறக்கலாகாது. எனினும், வடக்கே குடியேறிய தமிழரை மருத்துவர் பார்க்கும்போது, தென்னாட்டாருக்கு இது வராது என்று ஒதுக்கிவிடுவது இனிப் பொருந்தாது.

சதைநோவுக்குக் காரணங்கள் பல. வெயில் படாத வாழ்வினால் டி வைட்டமின் குறைவதும் மிகச் சாதாரணம். ஆகவே நோவு மாதக்கணக்கில் நீடித்து, இரத்தசோகையோ எடைக்குறைவோ உடனிருந்தால், மருத்துவரிடம் இந்நோயைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். அதற்கென இரத்தப் பரிசோதனை உண்டு. தேவையானால் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன் கோதுமையைத் தாமாக நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் சோதனையில் நோய் மறைந்துவிடும்.

நோய் உறுதியானால் கோதுமை, வாற்கோதுமை இரண்டையும் வாழ்நாள் முழுதும் விலக்க வேண்டும். ரவையும் மைதாவும் சேமியாவும் கோதுமையே. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை யாவும் உண்ணலாம். கட்டிப் பெருங்காயத்தையும் தூளையும் வாங்குமுன் உறையைப் படித்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலும் கோதுமைமாவு கலந்திருக்கும்.