ஜூரி அறையில் ஒரு மைக்

1954ல், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள விச்சிடா நகர ஃபெடரல் நீதிமன்றத்தில், ஜூரிகள் தனியே கூடிப் பேசும் அறைக்குள் மைக் ஒளித்து வைக்கப்பட்டது. வைத்தவர்கள் உளவாளிகள் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகச் சட்டத்துறையின் ஆய்வாளர்கள். நீதிபதிக்குத் தெரியும். இரு தரப்பு வக்கீல்களுக்கும் தெரியும். உள்ளே உட்கார்ந்து பேசினவர்களுக்கு மட்டும்தான் தெரியாது.

நமக்கு ஜூரி என்றதும் நானாவதி கொலை வழக்குதான் ஞாபகம் வரும். ஆனால் அமெரிக்காவில் கார் மோதிக் கால் உடைந்தவர் நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கையும் ஜூரி தீர்மானிக்கலாம். 1791ல் வந்த ஏழாவது அரசியல் சட்டத் திருத்தம், 20 டாலருக்கு மேற்பட்ட வழக்கு என்றால் அந்த உரிமை உண்டு என்கிறது. (அந்த 20 டாலரை இன்றுவரை யாரும் திருத்தவில்லை.) ஜூரி சொல்வது தீர்ப்பும் தொகையும் மட்டும்தான். ஏன் அந்தத் தொகை என்று சொல்வது வழக்கமில்லை. பிரதிவாதியின் வக்கீல் வாரக்கணக்கில் வாதாடி முடித்த பிறகு கதவு சாத்தப்படும். அதற்குப் பின் உள்ளே நடப்பது அவருக்கு இருட்டு.

சிகாகோ குழு அந்த இருட்டுக்குள்தான் போகப் பார்த்தது. விச்சிடாவில் பதிவானவை எல்லாம் சிவில் வழக்குகள். 1955 கோடையில், கொலராடோவில் நடந்த நீதிபதிகள் மாநாடு ஒன்றில் ஒரு பதிவைத் தொகுத்துப் போட்டுக் காட்டினார்கள். விஷயம் வெளியே கசிந்து, அக்டோபரில் பத்திரிகைகளில் வெடித்தது. அட்டர்னி ஜெனரல் கண்டித்தார். செனட் துணைக்குழு விசாரணைக்குக் கூப்பிட்டது. கம்யூனிஸ்ட் பயம் உச்சத்தில் இருந்த காலம். ஆய்வுக்குத் தலைமை வகித்த ஹாரி கால்வென், டீன் எட்வர்ட் லெவி போன்றவர்களிடம் மைக்கைப் பற்றி மட்டும் கேட்டு விடவில்லை, அவர்களுடைய தேசபக்தியையும் தோண்டினார்கள். 1956ல் ஜூரியின் கலந்தாய்வை ஒட்டுக்கேட்பதும் பதிவு செய்வதும் ஃபெடரல் குற்றமாகிவிட்டது.

தடை சரி என்றே எனக்குப் படுகிறது. யாரோ கேட்கிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிட்டால் பன்னிரண்டு பேரும் ஊருக்குத்தான் பேசுவார்கள், ஒருவருக்கொருவர் பேச மாட்டார்கள். ஆனால் அந்தத் தடைக்கு ஒரு விலையும் இருந்தது.

மைக் போனாலும் குழுவின் கையில் இன்னொரு வழி இருந்தது. நிஜமாகவே ஜூரிப் பணிக்கு அழைக்கப்பட்டவர்களை உட்கார வைத்து, ஒலிப்பதிவு செய்த ஒரு வழக்கைக் கேட்க விட்டு, தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். என் தொழிலில் மாக் டேட்டா வைத்து டெஸ்ட் செய்கிற மாதிரி. அதில் ஒரு சோதனை இன்ஷூரன்ஸ் பற்றியது. பிரதிவாதிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்பதை வைத்துத் தப்பு அவர்மேல் என்று நிரூபிக்கப் பார்க்கக் கூடாது என்பது அமெரிக்க நீதிமன்றங்களில் விதி. கம்பெனி பணம்தானே என்று ஜூரி தாராளமாக அள்ளிக் கொடுத்துவிடும் என்ற பயம்.

ஒரே விபத்து வழக்குக்கு மூன்று வடிவங்கள் செய்தார்கள். முதலாவதில் பிரதிவாதி, சாட்சி சொல்லும்போது, தனக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்கிறார். ஜூரிகள் கொடுத்த சராசரி நஷ்டஈடு 33,000 டாலர். இரண்டாவதில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 37,000. மூன்றாவதிலும் இருக்கிறது என்றுதான் சொல்கிறார். உடனே அவருடைய வக்கீலே எழுந்து ஆட்சேபிக்கிறார். நீதிபதி ஜூரியைப் பார்த்து, இதைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று உத்தரவிடுகிறார். 46,000!

டேல் ப்ரோடர் 1959ல் இதை வெளியிட்டார். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். இன்ஷூரன்ஸ் இருப்பது கூட்டியது 4,000 டாலர். அதை மறந்துவிடுங்கள் என்ற உத்தரவு அதற்கு மேல் 9,000ஐக் கூட்டியது. பிரதிவாதி வக்கீலின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தன் கட்சிக்காரர் கூண்டில் உளறிவிட்டார். எழுந்து ஆட்சேபித்தால் அவரே அந்த வார்த்தையின் கீழே கோடு போட்ட மாதிரி. பேசாமல் இருந்தாலோ, பிறகு மேல்முறையீட்டில் அதைச் சொல்லி வாதாடும் வாய்ப்புப் போகலாம். அரை நிமிஷத்தில் முடிவெடுக்க வேண்டும்.

ஆனாலும் இது மாக் ஜூரிதானே? அவர்கள் சொன்ன தொகையை யாரும் கட்டப் போவதில்லை. நிஜ அறையில் நிஜ மனிதர்கள் இன்ஷூரன்ஸைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் கேட்க ஃபெடரல் நீதிமன்றங்களில் வழி அடைபட்டுவிட்டது. நான் சொன்ன விலை இதுதான்.

கதவு திறக்கக் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆனது, அதுவும் ஒரு மாநிலத்தில். அரிசோனாவில், உச்ச நீதிமன்றத்தின் அனுமதியோடு, 50 சிவில் வழக்குகளின் ஜூரி அறைகளை வீடியோ எடுத்தார்கள். இந்த முறை உள்ளே இருந்தவர்களிடமும் சம்மதம் கேட்டார்கள். ஷாரி டயமண்டும் நீல் விட்மாரும் 2001ல் எழுதிய கட்டுரைப்படி, நஷ்டஈட்டு வழக்குகளில் 85 சதவீதத்தில் ஜூரிகள் தாங்களாகவே இன்ஷூரன்ஸ் பேச்சை எடுத்திருக்கிறார்கள். கோர்ட்டில் மூச்சுக் காட்டாமல் மறைத்த விஷயம் மேஜைக்கு வந்துவிடுகிறது. அந்தப் பேச்சு பிரதிவாதியோடு நிற்கவும் இல்லை. அடிபட்டவருடைய ஆஸ்பத்திரி பில்லை அவருடைய இன்ஷூரன்ஸ் ஏற்கெனவே கட்டியிருக்குமே, நாம் எதற்குத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். கம்பெனி பணத்தை அள்ளிக் கொடுப்பார்கள் என்று பயந்து போட்ட விதி. உள்ளே ஜூரிகள் கையைச் சுருக்கவும் அதே இன்ஷூரன்ஸைத்தான் காரணம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.