ஒரே படியால் அளந்த எல்லை: திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம்

மலைமேல் முருகன் கோயிலும், அடிவாரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தொலிக்கும் கடைவீதியும் கொண்ட திருத்தணி, 1960 மார்ச் மாதம் வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். அவ்வூர் தமிழகத்துடன் இணைந்த வரலாற்றில் ம.பொ.சிவஞானத்தின் பெயர் முதலில் நிற்கிறது. அவருக்குத் தோள்கொடுத்த உள்ளூர் வழக்கறிஞர் கே. விநாயகத்தின் பெயரோ அரிதாகவே நினைவுகூரப்படுகிறது.

சிக்கலின் வேர் 1911ஆம் ஆண்டில் உள்ளது. ஆங்கிலேய அரசு, நிருவாக வசதியை முன்னிட்டுச் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கியது. எல்லாமே சென்னை மாகாணமாக இருந்தவரை அந்த மாவட்டக் கோடு யாருக்கும் பெரிதாக உறுத்தவில்லை. ஆயினும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தெலுங்கு மேலோங்க, தமிழ்ச் சிற்றூர்களில் தாய்மொழிக் கல்வி தேய்ந்தது. அந்நிலையில் மங்கலங்கிழார் என்னும் ஆசிரியர் ஊர் ஊராகச் சென்று, கட்டணமின்றித் தமிழ் கற்பித்தார். பின்னாளில் எல்லைப் போராட்டத்திற்குத் திரண்டவர்களுக்கு அவர் இட்ட அடித்தளமே துணைநின்றது.

1952 டிசம்பர் 15 அன்று, தனி ஆந்திரம் கோரி உண்ணாநோன்பிருந்த பொட்டி சிறீராமுலு உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுமையாக அதனுடன் சென்றது. திருத்தணியும் உடன் சென்றது. மாவட்டக் கோடு ஒரே நாளில் மாநில எல்லையாயிற்று.

இதனை எதிர்த்துத் தமிழரசுக் கழகம் நடத்திய மறியல்களில் முன்நின்றவர்களுள் விநாயகம் ஒருவர். நீதிமன்றத்தில் பிறருக்காக வாதாடும் தொழிலை உடையவர், தம் ஊருக்காகத் தாமே சிறை சென்றார். இயக்கத்தினர் இதனை எல்லைப் போர் என்று அழைத்தனர். ஆனால் அப்போரில் படைக்கலம் இல்லை. மறியல், கைது, மனு, வாதம் ஆகியவையே அதன் கருவிகள்.

இரு மாநிலங்களுக்குமிடையே நடுவராக எச். வி. படாஸ்கர் அமர்த்தப்பட்டார். அவர் வகுத்த அளவுகோல் எளிமையானது. சிற்றூரே அலகு, அங்குப் பெரும்பான்மையோர் பேசும் மொழி எது என்பதும், அவ்வூர் எந்த மாநிலத்தோடு நிலத்தொடர்பு உடையது என்பதுமே முடிவுக்கு அடிப்படை. அதன்படி நாடாளுமன்றம் 1959இல் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி உள்ளிட்ட 300க்கும் மேற்பட்ட சிற்றூர்கள், ஏறத்தாழ 400 சதுர மைல் பரப்புடன், சென்னை மாநிலத்திற்கு வந்தன.

வெற்றியின் மறுபக்கத்தையும் கூறுவதே நேர்மை. கோரிக்கையில் இடம்பெற்றிருந்த திருப்பதியும் சித்தூரும் வரவில்லை. அதே அளவுகோலின்படி சத்தியவேடு உள்ளிட்ட ஏறத்தாழ 150 சிற்றூர்கள் தமிழகத்திலிருந்து ஆந்திரத்திற்குச் சென்றன. திருத்தணியைத் தந்த படிதான் சத்தியவேட்டை எடுத்துக்கொண்டது. தனக்கு அளக்கும்போது நிறைத்தும் பிறருக்கு அளக்கும்போது குறைத்தும் அளப்போரைக் கண்டிக்கும் இறைவசனங்கள் அங்காடிக்கு மட்டும் உரியவையல்ல. எல்லை வகுப்போருக்கும் அவை பொருந்தும்.

1967 தேர்தலில் விநாயகம் காங்கிரஸ் வேட்பாளராகத் திருத்தணியில் வென்று சட்டமன்றம் புகுந்தார். அதே தேர்தலில் ம.பொ.சி. தி.மு.க. அணியில் நின்று தியாகராய நகரில் வென்றார். ஒரே போராட்டத்தில் தோளோடு தோள் நின்றவர்கள் அவையில் எதிரெதிர் வரிசையினராயினர். எனினும் 1967 ஜூலை 18 அன்று, மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயர்சூட்டும் தீர்மானம் அந்த அவையில் ஒருமனதாக நிறைவேறியது. கட்சி பிரித்தவர்களைப் பொதுநோக்கம் ஒரு தீர்மானத்தில் இணைத்தது.

எல்லைகள் வகுக்கப்பட்ட பின்னும் மக்கள் கலந்தே வாழ்கின்றனர். திருத்தணிப் பகுதியில் தெலுங்கு பேசுவோர் உள்ளனர். சித்தூர்ப் பக்கம் தமிழ் பேசுவோர் உள்ளனர். இருபுறமும் வீட்டில் உருதுவும் கடைவீதியில் தமிழோ தெலுங்கோ பேசும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. பெரும்பான்மைக் கணக்கு நிலத்தின் உரிமையைத் தீர்மானிக்கலாம். அந்நிலத்தில் சிறுபான்மையாகத் தங்கிவிட்டவரின் மொழிக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் எந்தக் கணக்கும் தானாகக் காவல் நிற்பதில்லை. 1911க்குப் பின் தமிழ்ச் சிற்றூர்கள் பட்ட துன்பத்தை நினைவில் வைத்திருப்போர், இன்று தம் எல்லைக்குள் வாழும் பிறமொழியாளருக்கு அதே துன்பம் நேராதபடி காப்பது கடமையாகும். விநாயகம் தம் ஊருக்காகக் கேட்ட நீதியை நாம் அண்டை வீட்டாருக்கும் அதே படியால் அளந்து கொடுப்போமாக.