புல்லட் எஞ்சினின் புஷ்ராடு

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த புல்லட் மோட்டார் சைக்கிள், 1955-இல் சென்னையை அடுத்த திருவொற்றியூருக்கு வந்தது. மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, முதலில் பாகங்களைத் தருவித்துப் பூட்டியது. பின்னர் முழு வண்டியையும் இங்கேயே செய்தது. தாய் நிறுவனம் 1970-இல் மூடப்பட்ட பிறகும் உற்பத்தி நிற்கவில்லை.

திருவண்ணாமலை போன்ற ஊர்களிலும் இவ்வண்டி நீடித்து ஓட, எளிய வால்வு அமைப்பு ஒரு காரணம். கீழே சுழலும் கேம் டேப்பட்டை உயர்த்தும். டேப்பட் புஷ்ராடைத் தள்ளும். மேலே ராக்கர் சாய்ந்து வால்வைத் திறக்கும். பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் சிலிண்டரின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடி உண்டு. அதைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடுகளின் அடிப்பகுதியும் தெரியும். எஞ்சின் ஆறியிருக்கும்போது, வால்வு மூடிய நிலையில், ராடை விரலால் உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. ஃபீலர் கேஜ்கூட வேண்டாம், விரலே அளவுகோல். வீட்டு வாசலிலேயே பலர் இதைச் செய்துகொண்டனர். ராடுகளை மாற்றும்போது மட்டும் கவனம் தேவை: இரண்டும் ஒரே நீளமல்ல.

2009-இல் வந்த கிளாசிக்கில் ஹைட்ராலிக் டேப்பட் இருந்தது. எண்ணெய் அழுத்தமே இடைவெளியைச் சரிசெய்ததால் விரலுக்கு வேலை போயிற்று. வசதிதான், ஆனால் கெட்டால் உருட்டிப் பார்த்துச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். 2020-இன் மீட்டியார் 350-இல் கேம் சிலிண்டர் தலைக்கே ஏறியது. 2023-இல் புல்லட்டும் அந்த எஞ்சினுக்கு மாறியபோது அதில் புஷ்ராடு இல்லை.