பத்தாண்டுத் திட்டமும் கடுக்காய் மரமும்: கல்வராயன் காடுகளின் நீண்டகால மேலாண்மை

உளுந்தூர்பேட்டையில் திருச்சி நெடுஞ்சாலையை விட்டுச் சேலம் சாலையில் திரும்பிக் கள்ளக்குறிச்சியைக் கடந்தால், வலப்புறம் கல்வராயன் மலை தெரியும். அங்கே தேசியப் பூங்கா இல்லை, சரணாலயமும் இல்லை. காப்புக்காடுகளும் அவற்றை ஒட்டிய மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களுமே உள்ளன. சரணாலயமாக அறிவிக்காமலே இக்காட்டைத் தலைமுறைக் கணக்கில் காக்கலாம். அதற்கு வனத்துறையின் செயல்திட்டமும் கிராம சபையின் திட்டமும் ஒன்றாக இணைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஆணைக்குப் பின், மத்திய அரசு ஒப்புதல் தந்த செயல்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்ட முடியாது. அத்திட்டத்தின் ஆயுள் பொதுவாக 10 ஆண்டுகள். எந்தப் பகுதியில் எந்த மரம் எவ்வளவு என்று கணக்கெடுப்பதில் அது தேர்ந்தது. அம்மரத்தடியில் யார் வாழ்கிறார்கள் என்பதில்தான் அதன் கணக்கு மெலிந்துபோகிறது.

கடுக்காயை எடுத்துக்கொள்வோம். தை, மாசியில் முற்றிய காயைக் கோலால் உதிர்த்துப் பொறுக்கி, பாறையில் உலர்த்தி, மூட்டை கட்டிக் கீழே இறக்குவார்கள். அவசரப்படுபவர் கிளையையே வெட்டிச் சாய்ப்பார். மரம் மறுபடி காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அடுத்த ஆண்டும் இதே மரம் தனக்குக் கிடைக்கும் என்ற உறுதி உள்ளவர் கிளையை வெட்டமாட்டார். காடு நிலைப்பதும் அழிவதும் இந்த உறுதியைப் பொறுத்தது.

கல்வராயனில் அந்த உறுதி வேரூன்ற வரலாறு இடம் தரவில்லை. மூன்று ஜாகிர்தார்களின் கையிலிருந்த இம்மலையை அரசு எடுத்துக்கொண்டது 1976இல்தான். அதுவரை வரியும் கூலியில்லா உழைப்புமே மக்கள் கண்டவை. 2006 வன உரிமைச் சட்டம் வந்தபோதும், நீதிமன்ற அனுமதியின்றி உரிமைப் பட்டா வழங்கக் கூடாது என்ற 2008ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற ஆணையால் தமிழ்நாட்டில் பட்டா வழங்கல் முடங்கியது; 2016இல்தான் தடை விலகியது.

சட்டத்தில் கருவி ஆயத்தமாகவே இருக்கிறது. சமூக வன வளத்தைக் காத்து மேலாளும் உரிமையைப் பிரிவு 3(1)(i) கிராம சபையிடம் தருகிறது. அச்சபையின் குழு தயாரிக்கும் பாதுகாப்புத் திட்டத்தை வனத்துறைச் செயல்திட்டத்தோடு இணைக்க 2012 திருத்த விதிகள் வழிசெய்கின்றன. இச்சட்டம் பொருந்தும் பகுதிகளில் சரணாலய மேலாண்மைத் திட்டத்தைக்கூடக் கிராம சபையைக் கலந்தே தயாரிக்க வேண்டும் என்கிறது வனவுயிர்ச் சட்டத்தின் 2022 திருத்தம். சரணாலயத்துக்கே இது பொருந்தும்போது காப்புக்காட்டுக்குத் தயக்கம் ஏன்?

உரிமை கொடுத்தால் காடு விலைபோகும் என்பது வழக்கமான மறுப்பு. அந்த ஐயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று; வணிகரின் முன்பணம் எந்த ஊரையும் வளைக்கும். அதனால்தான் உரிமையோடு கண்காணிப்பும் சேர வேண்டும் என்கிறேன். முப்பதாண்டு நோக்கு, பத்தாண்டுக்கொரு மறுபரிசீலனை, ஆண்டுதோறும் மூன்று அளவீடுகள்: கோடையில் ஓடைகளில் நிற்கும் நீர், தானே முளைத்த கடுக்காய்க் கன்றுகள், தீப்பட்ட பரப்பு. ஊராரும் வனக்காப்பாளரும் சேர்ந்தே இவற்றைப் பதிய முடியும். ஓடை நீரின் கணக்கு மலையோடு முடிவதில்லை. மலையடிவாரத்துக் கோமுகி அணையையும் அதை நம்பிய வயல்களையும் அது தொடும்.

2024இல் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே வழக்கெடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி பற்றிய பேச்சு அதன்பின் வலுத்திருக்கிறது. வன உரிமைச் சட்டப்படி அவற்றுக்கு ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தைத் தரவும் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். ஆகவே காட்டின் திட்டத்தையும் ஊரின் திட்டத்தையும் இரு கோப்புகளாக வைத்திருப்பதில் பொருளில்லை.

செயல்திட்டங்கள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. அடுத்த வரைவு ஒப்புதலுக்குப் போகுமுன், மலையூர்களின் கிராம சபைகளில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். முதல் திருத்தம் அங்கிருந்து வரட்டும்.